கிருமிகளுக்கும் அக்கம்பக்கம் உண்டு

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே துணி வணிகம் செய்து வந்தவர் அந்தோணி வான் லூவன்ஹாக். தாமே செய்த சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே, மனிதக் கண் அதுவரை காணாத ஓர் உயிருலகைக் கண்டவர் அவர். 1683-ஆம் ஆண்டில் அவருடைய கவனம் தம் பற்களின் பக்கம் திரும்பியது. நாள்தோறும் காலையில் உப்பால் பல் துலக்குபவர்தான். ஆயினும் பல்லிடுக்கில் மாவுபோல் வெண்மையான ஒரு பொருள் படிந்திருந்தது. அதில் சிறிது எடுத்து நீரில் கலந்து பார்த்தார். எண்ணற்ற சிறு உயிர்கள் அதனுள் துள்ளித் திரிந்தன!

இவற்றைக் கொல்ல முடியுமா என்று அறிய விரும்பினார். கடுமையான வினிகரை வாயில் விட்டுக் கொப்பளித்தார். பிறகு மீண்டும் பல்லிடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தார். உயிர்கள் முன்போலவே திரிந்துகொண்டிருந்தன. அடுத்து, வெளியே எடுத்து நீரில் கலந்த படிவத்தில் சிறிது வினிகரைச் சேர்த்தார். அவை உடனே மடிந்தன.

அதே வினிகர், அதே உயிர்கள். வாய்க்குள் தோற்ற வினிகர் வாய்க்கு வெளியே எப்படி வென்றது? லூவன்ஹாக் கண்ட விடை எளியது. கொப்பளித்த வினிகர் படிவத்தின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது. அதன் உட்புறம் வரை அது ஊடுருவவில்லை.

வாசகர்களே, இந்தச் சிறு சோதனையை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஒரு மருந்து கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா என்பதை மருந்தும் கிருமியும் மட்டும் முடிவு செய்வதில்லை. கிருமி எங்கே வாழ்கிறது, யாருடன் வாழ்கிறது, வளர்கிறதா, உறங்குகிறதா என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அந்தத் துணி வணிகர் தம் வாயிலேயே கண்டுகொண்ட இந்த உண்மையை விஞ்ஞானம் முழுமையாக உணர ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தனியே பிரித்த கிருமி

லூவன்ஹாக்குக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் நுண்ணுயிர் ஆய்வில் ஒரு புதுவழியைத் திறந்தார். இயற்கையில் பல வகை பாக்டீரியாக்கள் ஒன்றாகக் கலந்தே வாழ்கின்றன. இவற்றுள் நோய்க்குக் காரணமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கெட்டியான ஊட்டப் பொருளின்மீது அவற்றைப் பரப்பினால், ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனித்தனிக் குவியலாக வளரும். ஒரு குவியலைத் தொட்டு எடுத்தால் ஒரே வகைக் கிருமி கிடைக்கும். இந்தத் தனி வளர்ப்பு முறையை அவர் 1881-இல் விளக்கினார். மறு ஆண்டே காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

தனி வளர்ப்பு முறை மருத்துவத்துக்குச் செய்த தொண்டுக்கு அளவில்லை. ஆனால் அதனால் ஒரு பழக்கமும் வேரூன்றியது. கிருமி என்றால் தட்டில் தனியாக, வயிறு நிறைய உணவோடு, இதமான வெப்பத்தில் வளரும் ஓர் உயிர் என்றே ஆய்வாளர்கள் எண்ணத் தொடங்கினர். காட்டு யானையைக் கொட்டிலில் மட்டுமே பார்த்தவர் அதன் இயல்பை எழுதினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது நிலைமை.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவ உலகைத் தலைகீழாக மாற்றிய மருந்து, இந்த முறைப்படி கெட்டுப்போனது என்று ஒதுக்கப்பட வேண்டிய ஒரு தட்டிலிருந்துதான் பிறந்தது.

லண்டனின் குளிர்

1928-ஆம் ஆண்டு. லண்டன் நகரின் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைத் தட்டுகளில் வளர்த்து ஆராய்ந்து வந்தார். கோடை விடுமுறைக்குச் சென்ற அவர் செப்டம்பர் 3 அன்று திரும்பினார். மேசைமேல் கிடந்த தட்டுகளுள் ஒன்றில் பூசணம் பூத்திருந்தது. பூசணத்தைச் சுற்றிலும் இருந்த பாக்டீரியாக் குவியல்கள் கரைந்து மறைந்து கொண்டிருந்தன. பூசணம் சுரந்த அந்தப் பொருளுக்கு அவர் பெனிசிலின் என்று பெயரிட்டார். இக்கதையை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

பாடநூல் சொல்லாத ஒரு பகுதி உண்டு. அக்காலத்தில் அதே மருத்துவமனையில் பணியாற்றிய ரொனால்டு ஹேர் என்பவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தட்டை மீண்டும் உருவாக்க முயன்றார். பாக்டீரியா வளர்ந்திருந்த தட்டில் பூசண வித்தைத் தூவினார். பூசணம் வளர்ந்தது, பாக்டீரியாக்களுக்கு எந்தக் கேடும் நேரவில்லை! ஏன்?

பெனிசிலின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது விடை. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அது வளர்ந்து இரண்டாகப் பிரியும்போது புதுச்சுவர் எழுப்பியாக வேண்டும். பெனிசிலின் அந்தச் சுவர் வேலையைக் கெடுக்கிறது. சுவர் உரிய வலுவின்றி நிற்க, பாக்டீரியா வெடித்துச் சாகிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கொத்தனாரைத் தடுத்தால் சுவர் சரியும். கட்டி முடித்துக் குடி புகுந்துவிட்ட வீட்டில் கொத்தனார் வராவிட்டால் என்ன கெட்டுப் போகும்? வளர்ச்சி முடிந்து ஓய்ந்திருக்கும் பாக்டீரியாவைப் பெனிசிலின் அவ்வளவாகத் தீண்டுவதில்லை.

அப்படியானால் ஃபிளெமிங்கின் தட்டில் பூசணம் முதலிலும் பாக்டீரியா பிறகும் வளர்ந்திருக்க வேண்டும். பூசணம் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளரும். ஸ்டஃபிலோகாக்கஸுக்கோ நம் உடலின் வெப்பம் உகந்தது. ஹேர் லண்டன் நகரின் பழைய வானிலைக் குறிப்புகளைத் தேடிப் புரட்டினார். 1928 ஜூலை இறுதியில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது நாட்கள் நகரம் குளிர்ந்திருந்ததும், அதன் பிறகு வெப்பம் ஏறியதும் தெரியவந்தன. குளிரில் பூசணம் வளர்ந்து பெனிசிலினைச் சுரந்தது. வெப்பம் ஏறியபின் பாக்டீரியா பெருகத் தொடங்கி அதில் சிக்கிக் கொண்டது. 1970-இல் வெளியிட்ட தம் நூலில் ஹேர் தந்த விளக்கம் இது.

1928-ஆம் ஆண்டின் கோடையை நம்மால் திரும்ப அழைக்க முடியாது. ஆனால் ஹேர் காட்டிய அடிப்படையை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதித்துப் பார்க்கலாம். முதலில் வளர்ந்தது எது, அப்போது வெப்பம் எவ்வளவு என்ற இரண்டும் மாறினால் அதே மருந்து அதே கிருமியிடம் தோற்றுப் போகும்.

அடுத்த வீட்டுக்காரன் செய்த உதவி

ஃபிளெமிங் கண்ட பெனிசிலினை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஃபுளோரியும் எர்னஸ்ட் செயினும் அவர்களுடைய குழுவினரும். அக்குழுவைச் சேர்ந்த எட்வர்டு ஆப்ரகாமும் செயினும் 1940 டிசம்பரில் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டனர். நம் குடலில் வாழும் கோலை என்னும் பாக்டீரியாவை நசுக்கிச் சாறெடுத்து, அதைப் பெனிசிலினுடன் கலந்தால் பெனிசிலின் செயலற்றுப் போகிறது என்பதே செய்தி. அச்சாற்றில் இருந்த நொதிக்குப் பெனிசிலினேஸ் என்று பெயர் வைத்தனர். காலத்தைக் கவனியுங்கள்! ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் நோயாளிக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்த முயன்றது 1941 பிப்ரவரியில்தான். மருந்து களத்தில் இறங்குமுன்பே அதை முறியடிக்கும் ஆயுதம் தெரிந்துவிட்டது.

இந்த நொதியில் ஒரு விசேஷம் உண்டு. அது பெனிசிலினை உடைத்துச் சுற்றுப்புறத்தையே தூய்மையாக்கி விடுகிறது. தெருவில் ஒரு வீட்டார் திண்ணையில் விளக்கேற்றினால் வழிப்போக்கர் அனைவருக்கும் வெளிச்சம் கிடைக்கிறதல்லவா? அதுபோல் நொதியைச் செய்யும் ஒரு பாக்டீரியாவின் அருகில், நொதியே இல்லாத மற்றவையும் பிழைத்துக் கொள்கின்றன. பெனிசிலின் வகை மருந்து கலந்த தட்டில் ஆய்வு மாணவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். மருந்தை எதிர்க்கும் பெரிய குவியல் ஒன்று நடுவில் வளரும். ஓரிரு நாட்களில் அதைச் சுற்றிச் சிறுசிறு குவியல்கள் முளைக்கும். நிலவைச் சூழ்ந்த மீன்கள்போல் தோன்றும் அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இராது. பெரியதன் நிழலில் வாழ்கின்றன, அவ்வளவுதான். அவற்றை எடுத்து மருந்துள்ள புதுத்தட்டில் விட்டால் மடிந்து போகும்.

நோயாளியின் உடலிலும் இது நடக்கலாம். நோயை உண்டாக்கும் கிருமி மருந்துக்குப் பணியக்கூடியதாகவே இருக்கும். அதன் அருகில் தீங்கு செய்யாமல் வாழும் வேறொரு பாக்டீரியா நொதியைச் செய்து அதைக் காப்பாற்றிவிடும். ஆய்வுக்கூட அறிக்கை மருந்து வேலை செய்யும் என்று சொல்ல, நோயாளியின் மூச்சுக்குழலில் அது வேலை செய்யாமல் போகும்!

உறங்குவது போலும் ஒரு தந்திரம்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் 1944-இல் இன்னொரு புதிரைக் கண்டார். ஸ்டஃபிலோகாக்கஸ் வளரும் திரவத்தில் பெனிசிலினைச் சேர்த்தார். பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. ஆனால் முழுவதும் அழியவில்லை. ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் எஞ்சி நின்றது. இவை மருந்தை வெல்லும் புது வகையோ என்று ஐயுற்று, எஞ்சியவற்றை எடுத்து வளர்த்தார். அவற்றின் சந்ததி பழையபடியே பெனிசிலினுக்குப் பணிந்து மடிந்தது. எஞ்சியவை ஆயுதம் ஏந்தியவை அல்ல. மருந்து வந்த வேளையில் அவை வளராமல் ஓய்ந்திருந்தன, அதனாலேயே தப்பின என்று பிக்கர் முடிவு செய்தார்.

பாக்டீரியாக்கள் பெருங்கூட்டமாக ஒட்டி வாழும் இடங்களில் இப்படி ஓய்ந்திருப்பவை மிகுதி. கனடா நாட்டின் வில்லியம் காஸ்டர்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1978-இல் இக்கூட்டு வாழ்வைப் பற்றி விரிவாக எழுதினர். ஓடையில் கிடக்கும் கல்லின் மேலும், பல்லின் மேலும், உடலுக்குள் வைக்கும் மருத்துவக் குழாய்களின் மேலும் பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறோம். மேலடுக்கில் இருப்பவற்றுக்கு உணவும் காற்றும் தாராளம். கீழடுக்கில் இருப்பவை அரைப்பட்டினியாய், மெல்ல வளர்ந்தோ வளராமலோ கிடக்கும். மருந்து வந்து மேலடுக்கை அழித்துவிட்டுப் போனபின் கீழடுக்கு எழுந்து மீண்டும் பெருகும். லூவன்ஹாக்கின் பல்லிடுக்கு நினைவுக்கு வருகிறதா? வினிகர் அங்கே மேற்புறத்தோடு நின்றுவிட்ட காட்சியேதான் இது!

காவல் போன குடல்

இதுவரை கண்டவை, அக்கம்பக்கம் கிருமியை மருந்திடமிருந்து எப்படிக் காக்கிறது என்பதைக் காட்டின. இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. அக்கம்பக்கம் நம்மையும் காக்கிறது.

1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு அது பெரும் நம்பிக்கை தந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1954-இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், ஃபிலிப் மில்லர் முதலியோர் அதே மருந்தைக் கொண்டு எலிகளிடம் ஒரு சோதனை செய்தனர். சால்மொனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமியை எலிகளுக்கு வாய்வழியே புகட்டினர். சாதாரண எலிகளில் பாதிக்குத் தொற்று ஏற்படச் சுமார் 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. முன்னதாக ஒரு வேளை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிகளுக்கோ பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமானவையாக இருந்தன!

மருந்து எலியின் உடலைக் கெடுத்ததா? இல்லை. எலியின் குடலில் கோடிக்கணக்கில் குடியிருந்த பாக்டீரியாக்களுள் பலவற்றை அது துடைத்தெறிந்தது. அவை இருந்தவரை உணவை முந்திக்கொண்டு உண்டன. கொழுப்பு அமிலங்களைச் சுரந்து, புதிதாக வந்த கிருமியை வளரவிடாமல் தடுத்தன. காவல்காரர்கள் இல்லாத தோப்பில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? குடல்வாழ் நுண்ணுயிர்களின் இந்தக் காவலை ஹாலந்து நாட்டு ஆய்வாளர் வான் டெர் வாய் 1971-இல் 'குடியேற்றத் தடை' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்.

எலியிடம் கண்டது மனிதரிடமும் மெய்யானது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளை உண்ட நோயாளிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கும் பெருங்குடல் அழற்சியும் வந்தன, சிலர் உயிரிழந்தனர். மருந்தின் நச்சுத்தன்மையே காரணமோ என்று மருத்துவர்கள் திகைத்தனர். அமெரிக்காவில் ஜான் பார்ட்லெட் முதலியோர் 1978-இல் உண்மையான குற்றவாளியைப் பிடித்தனர். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி என்ற பாக்டீரியாவே அது. இது அறியாத உயிரன்று. 1935-ஆம் ஆண்டிலேயே நலமான பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்டதுதான். அண்டை அயலார் சூழ இருக்கும்போது அடங்கிக் கிடக்கும் இது, மருந்தால் குடல் வெறிச்சோடியதும் பெருகி நச்சைச் சுரக்கிறது.

இந்நோயைத் தீர்க்க மற்றோர் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். பலருக்குக் குணமாகும், சிலருக்கு நோய் மீண்டும் மீண்டும் வரும். காவலை மீட்காமல் கள்வனை மட்டும் விரட்டினால் அவன் திரும்பி வரத்தானே செய்வான்? 2013-இல் ஹாலந்து நாட்டு மருத்துவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நலமான ஒருவருடைய மலத்தைக் கரைத்து வடிகட்டி, அந்த நுண்ணுயிர்ச் சமுதாயத்தை நோயாளியின் குடலில் செலுத்தினர். அருவருப்பாகத் தோன்றுகிறதா? பயனைப் பாருங்கள். அவ்வாறு செய்த 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர் நால்வரே.

அயலாரிடம் பெற்ற ஆயுதம்

அக்கம்பக்கத்தாரிடமிருந்து பாக்டீரியாக்கள் பெறுவது பாதுகாப்பை மட்டுமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் சீதபேதி நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்துகள் பெருமளவில் வழங்கப்பட்டன. 1950-களில், ஒரே சமயத்தில் பல மருந்துகளை எதிர்க்கும் சீதபேதிக் கிருமிகள் அங்கே தோன்றின. இத்தனை எதிர்ப்பாற்றலையும் ஒவ்வொன்றாகப் பெறுவதற்குக் காலம் போதாதே! 1959-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மர்மத்தை அவிழ்த்தனர். எதிர்ப்பாற்றலுக்குரிய மரபுப் பொருளைச் சீதபேதிக் கிருமியும் கோலை பாக்டீரியாவும் ஒன்றை ஒன்று தொட்டுக் கைமாற்றிக் கொள்கின்றன என்று காட்டினர். பக்கத்து வீட்டில் அரிவாள்மணை இரவல் வாங்குவதுபோல், வேறோர் இனத்திடமிருந்து முழு ஆயுதத் தொகுப்பையே ஒரு கிருமி பெற்றுவிடுகிறது.

அப்படியானால் நுண்ணுயிர்ச் சமுதாயம் எதிர்ப்பாற்றல் பரவுவதற்குத் துணைபோகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2019-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று ஒரு சோதனையை வெளியிட்டது. எதிர்ப்பாற்றல் உள்ள கோலை பாக்டீரியாவையும் இல்லாததையும் போட்டியிட விட்டனர். இரண்டும் மட்டும் இருந்தபோது, சிறிதளவு மருந்தே எதிர்ப்பாற்றல் உள்ளதை வெற்றிபெறச் செய்தது. பன்றியின் குடலில் வாழும் நுண்ணுயிர்ச் சமுதாயத்தை உடன் சேர்த்தபோதோ, அதே வெற்றிக்குப் பத்து மடங்குக்கும் மேலான மருந்து தேவைப்பட்டது. வளமான சமுதாயம் எதிர்ப்பாற்றலின் பரவலுக்கு ஓர் அணையாகவும் நிற்கிறது. மருந்தால் நாம் அந்தச் சமுதாயத்தை அழிக்கும்போது அணையையும் சேர்த்தே உடைக்கிறோம்.

நமக்கு என்ன பாடம்?

பிரச்சினை சிறியதன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாகி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத உலகை நாம் எண்ணிப் பார்க்கவும் முடியாது. சிறு கீறலாலும் பிள்ளைப்பேற்றாலும் உயிர் போன காலம் அது. தக்க நோய்க்கு மருத்துவர் அம்மருந்தைத் தரும்போது தயங்காமல், அவர் சொன்னபடி உண்ண வேண்டும்.

ஆனால் சாதாரண ஜலதோஷத்தை எண்ணிப் பாருங்கள். அது வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்கும் அந்த மாத்திரை வீணாய்ப் போவதாக மட்டும் நினைக்கிறோம். அது வீணாவதில்லை, வேலை செய்கிறது. நோய்க்கிருமி இல்லாத இடத்தில், நம் குடலின் காவல்காரர்கள் மீது தன் வேலையைக் காட்டுகிறது. எதிர்ப்பாற்றல் உள்ளவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. அடுத்த முறை உண்மையான பகைவன் வரும்போது, வாசலில் காவல் குறைந்திருக்கும். பகைவன் இரவல் வாங்க உள்ளே ஆயுதம் மிகுந்திருக்கும்.

கிருமியைத் தனியே பிரித்துப் பார்க்கக் கோக் நமக்குக் கற்றுத் தந்தார். பிரித்ததை அதன் ஊரோடு சேர்த்துப் பார்க்க இப்போது கற்று வருகிறோம். நாளைக் காலை பல் துலக்கும்போது, வாயில் வினிகரோடு நின்ற அந்த டெல்ஃப்ட் நகரத்து வணிகரை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள். மருந்து எவ்வளவு வலியது என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் கேட்டார்.